துரையைப் பாஸ் பண்ண வைத்த முந்திரி

முந்திரியின் கதை தொடங்குவது ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில். உள்ளே அவள் தம்பி பெண்டாட்டிக்கு வலி எடுத்திருந்தது. வெளியே பெஞ்சில் உறவுக்காரப் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து, பிறக்கப் போவதற்கு யார் மூக்கு, யார் காது என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒருத்தி மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தாள். கையில் குட்டிக் குட்டியாக மூன்று அட்டைப்பெட்டி. இன்னும் பிறக்காத பிள்ளைக்கு மூன்று அளவில் செருப்பு.

"வந்துட்டாடி முந்திரி," என்றாள் பெஞ்சில் இருந்த ஒரு சித்தி. "இனிமே டாக்டருக்கு வேலை இல்ல. இவளே உள்ள போய்ப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்துடுவா."

பழத்துக்குள் அடங்கி இருக்கப் பொறுக்காமல் வெளியே தலை நீட்டுகிற கொட்டை முந்திரிக்கொட்டை. அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவள் பெற்ற தாயே. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பாதிக் கேள்வி கேட்கும்போதே இவள் முழுப் பதிலையும் சொல்லிவிடுவாள். பதில் வேறொரு கேள்விக்கு உரியதாக இருக்கும், அது வேறு விஷயம். இரண்டு தடவை ஃபெயிலானதும் படிப்பு அதோடு சரி. கல்யாணம் பண்ணி வைத்தார்கள். கட்டிக்கொண்டவன் மூன்றாம் வருஷம் வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பியவன்தான், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். "ஒரு சண்டையாவது அவனை முழுசாப் போட விட்டியாடி?" என்று தாய்க்காரி தலையில் அடித்துக்கொண்டாளாம். "அவன் கோபத்தையும் நீயே பேசி முடிச்சுட்டா, அவன் எதுக்கு வீட்டுல?"

அதற்கப்புறம் தம்பி வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். கடைத்தெருத் திருப்பத்தில் இருந்த செருப்புக்கடையில் வேலைக்கும் சேர்ந்தாள். அந்த வேலை அவளுக்கென்றே செய்து வைத்தது மாதிரி இருந்தது. வாசலில் கால் வைத்ததுமே காலைப் பார்ப்பாள். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் ஏணியில் ஏறி, சரியான அளவுப் பெட்டியை இறக்கி, காலிலும் மாட்டிவிடுவாள். ஒருமுறை வழி கேட்க வந்த ஒரு பெரியவர், பில்லோடும் புதுச் செருப்போடும் வெளியே போனார். போன பிறகுதான் தான் வந்த காரியம் அவருக்கு ஞாபகம் வந்ததாம். கடை முதலாளி சிரிப்பைக்கூடச் சில்லறையாகச் செலவழிக்கிற ஆள். அவரே அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் பிறந்தது ஆண் பிள்ளை. வீட்டில் துரை என்று கூப்பிட்டார்கள். அவன் அப்பன் பஸ் ஓட்டுகிறவன். விடிவதற்குள் போனால் பொழுது போய்த்தான் வருவான். அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. அதனால் துரை வளர்ந்தது செருப்புக்கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், அத்தையின் ராஜ்ஜியத்தில். முதலாளி முதலில் முறைத்தார். பிறகு அவரே குழந்தைக்கு ஒரு மின்விசிறி வாங்கி மாட்டினார்.

துரைக்கு எந்தக் குறையும் இல்லை. இடது கையை நீட்டினால் தண்ணீர். தலையைச் சாய்த்தால் தூக்கம். மூக்கைச் சுருக்கினால் கால்சட்டை மாற்ற வேண்டும். அதுவும் சுருக்கி முடிக்க வேண்டியதில்லை, சுருக்கப் போகிறான் என்று தெரிந்தாலே போதும், அத்தை மாற்றி முடித்திருப்பாள். செருப்புகளை எல்லாம் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக வைப்பான். ஒன்றை யாராவது நகர்த்திவிட்டால் கடை அதிரக் கத்துவான். "பாத்தீங்களா பொறுப்பை!" என்பாள் அத்தை. "இந்த வயசுல எந்தப் பிள்ளைக்கு இருக்கு?"

இரண்டு வயது முடிந்தது. அதற்கு மேலும் மாதங்கள் ஓடின. துரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"அக்கா, இவன் இன்னும் அம்மான்னு கூப்பிடலையே," என்றாள் தம்பி பெண்டாட்டி ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே.

"எதுக்குக் கூப்பிடணும்? கூப்பிட்டாத்தான் நீ வருவியா?"

"பேரைச் சொன்னாக்கூடத் திரும்ப மாட்டேங்கறான்."

"யோசனையில இருப்பான். அவன் அப்பன் நாலு வயசு வரைக்கும் வாயே திறக்கல. இப்ப என்னாச்சு? அவன் பேச்சுத் தாங்காம ஜனங்க ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்து போறாங்க."

தம்பி பெண்டாட்டி அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசுவதற்கு அந்த வீட்டில் அவளுக்கு இடமும் கிடைத்ததில்லை. ஆனால் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸிடம் மெல்லக் கேட்டுவிட்டாள். நர்ஸ் குழந்தையைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "முதல்ல காதைச் சோதிச்சுப் பாத்துடுங்க. காது நல்லா இருந்தா, மாடியில சின்னப் பிள்ளைங்களுக்குப் பயிற்சி குடுக்கற இடம் இருக்கு, அங்க காட்டுங்க. தானா வரும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்கம்மா. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறோமோ அவ்வளவு நல்லது," என்றாள்.

காதில் கோளாறில்லை. பயிற்சி மையத்தில் அப்போது ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. பிள்ளையைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, தேவைப்படுகிறவனாக இருந்தால் அடுத்த வாரமே சேர்த்துக்கொள்வார்கள். சொன்ன தேதியன்று சலவைக் கூடத்து இயந்திரம் ஒன்று படுத்துக்கொண்டது. மலை மாதிரி குவிந்த போர்வைகளுக்கு முன்னால் லீவு என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை.

"நான் இல்லையா?" என்றாள் முந்திரி.

"அவங்க கேக்கறதுக்கு உள்ளதைச் சொன்னா போதும் அக்கா. வேற ஒண்ணும் வேணாம்."

"உனக்கு எதுக்கு அந்தக் கவலை?"

கவலை முழுவதும் முந்திரிக்குத்தான் இருந்தது. அவளுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: இது பரீட்சை. தேறாவிட்டால் பையன் பேருக்கு நேராக எதையோ எழுதிவிடுவார்கள். அது அவனை எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாசலோடு நிறுத்திவிடும். வகுப்பில் எழுந்து நின்று ஊரே சிரிக்கக் கேட்டவளுக்கு அந்தப் பயம் இல்லாமல் இருக்குமா? இந்த வம்சத்தில் ஃபெயிலானது நான் ஒருத்தியோடு போகட்டும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு, பையனுக்கு நல்ல சட்டை மாட்டிக் கிளம்பினாள்.

பயிற்சி மையத்தில் தரையெல்லாம் பாய். சுவர் முழுக்க மிருகங்கள். யானைக்கு யாரோ பேனாவால் மீசை வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஒரு குழந்தை டப்பாவைத் தட்டியது, இன்னொரு பக்கம் ஒன்று அந்த டப்பாவுக்காக அழுதது. கேள்வி கேட்க வந்தவள் கண்ணாடி போட்ட சின்னப் பெண், படித்து முடித்து வேலை பழகுகிறவள்.

"பையன் எத்தனை வார்த்தை பேசறாம்மா?"

"எண்ண முடியல," என்றாள் முந்திரி. அதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இல்லாததை எப்படி எண்ணுவது?

"பேர் சொன்னா திரும்பறானா?"

"கூப்பிட நினைச்சாலே திரும்புவான்."

அந்தப் பெண் பின்னால் போய், "துரை!" என்றாள். அதே நேரம் முந்திரியின் கைப்பைக்குள் கடைச் சாவிக்கொத்து கலகலத்தது. சாவிச் சத்தம் என்றால் துரை உயிரை விடுவான். டக்கென்று திரும்பினான்.

"நல்ல பையன். பந்தை என்கிட்ட குடு பாப்போம்."

அத்தையின் முழங்கால் அவன் முழங்கையை ஒரு இடி இடித்தது. பந்து உருண்டு அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. கட்டைகளை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கச் சொன்னதற்கு அவன் தரையில் நீளமாக வரிசை வைத்தான். "ரயில் விடறாம்மா. அடுக்கற வயசெல்லாம் இவன் எப்பவோ தாண்டிட்டான்," என்று விளக்கம் சொன்னாள் அத்தை.

"தண்ணி வேணும்னா எப்படிக் கேப்பான்?"

அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். டப்பா தட்டுகிற குழந்தையும் அந்த நேரம் பார்த்து வேகம் எடுத்தது. முந்திரி உதட்டை அசைக்காமல், மெல்லிசான குரலில், "தண்ணி," என்றாள்.

"அட, தெளிவாச் சொல்றானே!" என்று நிமிர்ந்தாள் அந்தப் பெண். கடைசியில், "பெருசாக் கவலைப்பட ஒண்ணும் தெரியலைம்மா. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க," என்று அனுப்பிவிட்டாள்.

வெளியே இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு ஒரு தாய் காத்திருந்தாள். முந்திரி அவள் தோளைத் தட்டி, "பயப்படாதம்மா, சுலபமாத்தான் கேக்கறாங்க," என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்குக் கடைத்தெருவில் அந்தச் செய்தி போகாத கடை இல்லை. துரை பாஸ்! தம்பி வண்டியை நிறுத்திவிட்டு வந்து பையனைத் தலைக்கு மேல் தூக்கினான். "எங்கக்கா கூடப் போனா கழுதைகூடப் பட்டம் வாங்கிட்டு வரும்!"

தம்பி பெண்டாட்டி சோப்புத்தூள் வாசனையோடு உள்ளே வந்தாள். முந்திரி நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினாள். சாவிக்கொத்து, முழங்கால் இடி, தண்ணி, ஒன்றையும் விடவில்லை. கேட்கக் கேட்கத் தம்பி பெண்டாட்டியின் முகம் வெளுத்துப்போயிற்று.

"தண்ணின்னு நீங்க சொன்னீங்களா அக்கா?"

"அவன் மனசுல இருந்ததைத்தானே சொன்னேன்!"

"இடம்?"

"அது எதுக்கு நமக்கு? அடுத்ததா நின்னவளுக்குப் போயிருக்கும்."

தம்பி பெண்டாட்டி கத்தவில்லை. மடித்து வைத்திருந்த துணியை எடுத்துப் பிரித்து, மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள். "அக்கா, நான் அவனைப் பாஸ் பண்ண அனுப்பலை. காய்ச்சல் எவ்வளவுன்னு பாக்க வெச்ச தர்மாமீட்டரை நீங்க பச்சைத் தண்ணியில முக்கிக் காட்டிட்டு வந்துட்டீங்க. காய்ச்சல் அவனுக்குள்ள அப்படியேதான் இருக்கு. முடியாத பிள்ளைக்குத்தான் அங்க இடம். ஆறு மாசம் போயிடுச்சுன்னா, அதை யாருகிட்ட கேட்டு வாங்கறது?"

 முந்திரிக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான், இவள்தான் கிடந்து பயப்படுகிறாள். நிரூபித்துக் காட்டினால் போகிறது!

மறுநாள் கடையில் முதலாளியிடம் சொன்னாள்: "அரை மணி நேரம் நான் இங்க இல்லைன்னு வெச்சுக்கங்க. துரையை நீங்க பாத்துக்கங்க. எனக்கு ஒரு விஷயம் தெரியணும்." சொல்லிவிட்டுப் பூட்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"துரை! டேய் துரை!" என்று கூப்பிட்டார் முதலாளி. அவன் செருப்பு வரிசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கைதட்டினார். கோமாளி மாதிரி நாக்கை நீட்டினார். சுவரைப் பார்த்து நீட்டியிருந்தாலும் அதே பலன்தான். கொஞ்ச நேரம் கழித்து ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்து வேண்டும் என்று துரைக்குத் தோன்றியது. வந்தான். முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்தான். ஒரு கம்பை எடுத்துப் போவது மாதிரி அந்தக் கையை இழுத்துப் போய், ஆணிக்கு நேராக உயர்த்தினான்.

"என்ன வேணும்? என்னைப் பாருடா. இங்க, என் மூஞ்சியைப் பாரு."

பார்க்கவில்லை. முதலாளி தொப்பியைக் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், ஒரு குட்டிச் செருப்பைக்கூடக் கொடுத்தார். துரை மல்லாந்து விழுந்து தலையைத் தரையில் இடித்துக்கொண்டு அலறினான். என்ன வேண்டும் என்று சொல்ல அவனிடம் வேறு வழியே இல்லை.

பெட்டிகளின் இடுக்கு வழியாக முந்திரி பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கையைத்தான் பிடிக்கிறான், ஆளைப் பிடிக்கவில்லை. தன்னிடமும் இப்படித்தான் இருந்திருக்கிறான். தன் வேகத்தில் அது கண்ணுக்கே படாமல் போயிருக்கிறது. ஓடி வந்து அவன் தலைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். அழுகை அடங்கியதும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"வேலை நேரத்துல எங்க கிளம்பிட்ட?" என்றார் முதலாளி.

"ஃபெயில் பண்ண," என்றாள் முந்திரி.

மையத்தில் பெரிய டீச்சர் ஒருத்தி இருந்தாள். பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்குகிறவள், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். முந்திரி நேராக அவள் முன்னால் போய் நின்றாள்.

"காப்பி அடிச்சுட்டோம் டீச்சர்."

"யாரு?"

"நான்தான். இவன் பாவம், ஒண்ணும் பண்ணலை. அதான் பிரச்சினையே."

சாவி முதல் தண்ணி வரை சொன்னாள். பெரிய டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் இருமினாள். பக்கத்தில் நின்ற கண்ணாடிப் பெண் முகம் சிவந்து, "அந்தத் தண்ணி நீங்களா!" என்றாள்.

"அந்த இடத்துல ஒரு பாப்பா சேந்துட்டாளேம்மா," என்றாள் பெரிய டீச்சர்.

"அந்தப் பிள்ளைகிட்ட இருந்து பிடுங்க வரலை. அவளும் வேணும்னுதானே வந்திருப்பா. எங்களை வரிசையில நிறுத்துங்க. ஆனா ஆறு மாசத்துக்கு அப்பால நிறுத்தாதீங்க. தப்பு நான் பண்ணினேன், நாள் இவனுக்கு ஓடுது."

டீச்சர் அன்றைக்கே மறுபடியும் பார்க்க ஒத்துக்கொண்டாள். பையனை வைத்துக்கொண்டு கேள்வி ஆரம்பித்ததும் முந்திரியின் முகவாய் தானாகப் பந்தைக் காட்டியது. கையைக் கட்டச் சொன்னார்கள், புருவம் காட்டியது. வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. அதில் முந்திரியின் முகம் வந்து, "பச்சைக் கட்டை, பச்சைக் கட்டை" என்று வாயை அசைத்தது. டீச்சர் எழுந்து வந்து கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடினாள்.

கதவு திறந்தபோது முந்திரி நகத்தையெல்லாம் கடித்து முடித்திருந்தாள். "ஃபெயிலா டீச்சர்?"

"இங்க பாஸ், ஃபெயில்லாம் கிடையாதும்மா."

"அது தெரியும். நல்லா ஃபெயிலா? இடம் கிடைக்கற அளவுக்கு?"

"பேச்சும், ஆளோட சேந்து பழகறதும் பின்தங்கி இருக்கு. பயிற்சி கண்டிப்பா வேணும்," என்றாள் டீச்சர். "நீங்க முந்தினதால இவனுக்கு இது வரலை. அந்தப் பாரத்தைத் தூக்கிக்கிட்டுத் திரியாதீங்க. ஆனா இனிமே நீங்க முந்தினா, இவன் பேசறதுக்கு நடுவுல இடமே இருக்காது. அடுத்த மாசம் ஒரு இடம் காலியாகுது. அது வரைக்கும் நீங்களே வீட்டுல ஆரம்பிங்க. அவன் கண்ணுக்கு நேரா உக்காருங்க. கேக்கற பொருளை உங்க முகத்துக்குப் பக்கத்துல பிடிங்க. பேரை ஒரு தடவை சொல்லுங்க. அப்புறம் காத்திருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அவன் உங்களைப் பாக்கற வரைக்கும். அழ ஆரம்பிச்சா குடுத்துடுங்க. பட்டினி போடச் சொல்லலை, கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொல்றேன்."

"நான் செத்துடுவேன் டீச்சர்," என்றாள் முந்திரி. மனதார.

தூங்குகிற சிங்கத்தைக்கூட எழுப்பிவிடலாம், துடிக்கிற கையைக் கட்டி வைப்பது அதைவிடக் கஷ்டம். முந்திரி கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வாய் முந்தாமல் இருக்க வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டாள். ஒருநாள் துரை தும்மியபோது பயந்து அவ்வளவையும் அவன் முகத்தில் பீய்ச்சிவிட்டாள். அவன் சிரித்தான், அவள் முகத்தைப் பார்த்து. அடுத்த மாசம் இடம் கிடைத்து, முதல் வகுப்பில் அதைச் சொன்னபோது, "அப்படியே தினம் பண்ணுங்க!" என்றாள் டீச்சர்.

அந்தப் பழக்கம் கடைக்கும் தொற்றிக்கொண்டது. வாடிக்கையாளர் வந்து நின்றால் இவளும் எதிரே நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "என்னம்மா, ஏதாவது எடுத்துக் காட்டேன்," என்று அவர்களே கெஞ்ச வேண்டியிருந்தது. "எனக்குப் பழைய முந்திரி வேணும்," என்று முதலாளி புலம்பினார். ஆனால் அவரே துரைக்காகச் சாவிக்கொத்தைத் தன் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "சாவி," என்று சொல்லிவிட்டுப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார். கடையில் கூட்டம் நின்றாலும் அசைய மாட்டார்.

வாரா வாரம் வகுப்புக்குப் போனார்கள். தம்பி பெண்டாட்டி தன் வேலை முறையை மாற்றி வாங்கிக்கொண்டு அவளும் வந்தாள். மந்திரத்தில் மாங்காய் விழவில்லை. முதலில் துரை பார்க்கத் தொடங்கினான். அப்புறம் பார்த்துவிட்டு விரலை நீட்டினான். அதற்கே பல மாதம் போயிற்று. நடுவில் பத்து நாள் காய்ச்சல் வந்து எல்லாவற்றையும் மறந்தவன் மாதிரி இருந்தான். தம்பி, "என்னக்கா, தும்பை விட்டு வாலைப் பிடிச்ச கதையா ஆயிடுமா?" என்று கேட்டான். "வாயை மூடுடா. பிள்ளை காதுல விழப்போகுது," என்றாள் முந்திரி.

ஒரு நாள் பின்னறையில் துரை ஒரு அட்டைப்பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தான். மூடி குறுக்கே இருந்தது. அமுக்கினான், போகவில்லை. திருப்பினான், போகவில்லை. முந்திரி கையின் மேல் உட்கார்ந்து பார்த்தாள், பல்லைக் கடித்துப் பார்த்தாள். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷி தாங்குவாள்? கை தானாக நீண்டுவிட்டது.

துரை அந்தக் கையைத் தள்ளினான். நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"போ," என்றான்.

முந்திரி பெட்டிகள் சரிய எழுந்து ஓடினாள். "என்னைப் போன்னு சொல்லிட்டான்! என்னைப் போன்னு சொல்லிட்டான்!" தெருவில் நின்றவர்கள் முதலாளிதான் வேலையை விட்டு அனுப்பிவிட்டார் என்று நினைத்து அவரைத் திட்ட வந்துவிட்டார்கள்.

"எங்கக்காவைப் போன்னு சொல்ல எங்க வீட்டுல எனக்கே தைரியம் வந்ததில்லையே!" என்றான் செய்தி கேட்டு ஓடி வந்த தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பெரியவர்களைப் போ என்று சொல்லக் கூடாது என்று திருத்த அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை.

தம்பி பெண்டாட்டி சலவைக் கூடத்திலிருந்து ஈரக் கையோடு வந்து பையன் முன்னால் உட்கார்ந்தாள். அவன் மறுபடியும் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "இன்னொரு தடவை முந்துங்களேன். நானும் கேக்கறேன்."

துரை இப்போது பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். நின்று நின்று, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறான். வாரத்துக்கு ஒரு நாள் பேச்சு வகுப்பு இன்னும் உண்டு. முந்திரி தம்பி வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள். மதியம் வரைக்கும் செருப்புக்கடை வேலை, அதற்கப்புறம் பள்ளிக்கூட வாசலில் துரைக்காகக் காத்திருக்கிற வேலை.